கைப்பையில் முதலில் எதை வைப்பது?

எங்கள் ஒழுங்கையில் யாராவது வெளிநாட்டுக்குப் புறப்படுவதென்றால் அதற்கு முன்பாக என் வீட்டுக்கு ஒரு நடை வந்து போவார்கள். “ரீச்சர், எத்தனை கிலோ கொண்டு போகலாம்? கருவாட்டை மறிப்பாங்களோ? இங்கிலிஷ் தெரியாமல் இறங்கிப் போகலாமோ?” என்று கேட்பார்கள். நான் உலகம் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவள் அல்ல. ஒரு வயிற்றில் பிறந்த மூன்று பிள்ளைகள் மூன்று கண்டங்களில் இருக்கிறார்கள். மூத்த மகள் ரொறன்ரோவில், மகன் லண்டனில், இளையவள் சிட்னியில். ஒருத்திக்குப் பிள்ளைப்பேறு, ஒருவனுக்குச் சத்திரசிகிச்சை, இன்னொருத்திக்கு வீடு குடிபூரல் என்று 2010ஆம் ஆண்டுக்குப் பின் பன்னிரண்டு தடவை கட்டுநாயக்காவில் விமானம் ஏறியிருக்கிறேன்.

இத்தனை தடவை போனவளுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு சகோதரிகளுக்குப் பயன்படக்கூடிய விடயங்களுக்கு வருகிறேன்.

2014ஆம் ஆண்டு மூத்த மகளுக்கு முதற் பிள்ளை பிறந்தது. நான் பேற்றுக்கு முன்பே போய்ச் சேர வேண்டியவள். வீசா தாமதித்ததால் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள்தான் போக முடிந்தது. பிந்திவிட்டோமே என்ற தவிப்பில் பெட்டி அடுக்கினேன். பத்தியக் கறிக்குச் சரக்குத்தூள், மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டி, மோர்மிளகாய், மருமகனுக்கு வேட்டி, சம்பந்தி அம்மாவுக்குச் சேலை என்று ஒவ்வொன்றையும் பெயர் எழுதிச் சுற்றினேன். எனக்கு அப்போது நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி தொடங்கி இரண்டு வருடம். அந்த மருந்தை எங்கே வைத்தேன் தெரியுமா? கைப்பையில் பேரப்பிள்ளையின் உடுப்பும் காப்பும் இருந்ததால் இடமில்லை என்று, பெரிய சூட்கேசில் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஓர் இரவு வான் பயணம். பிறகு டுபாய். அங்கே இறங்கி மாறி, ரொறன்ரோவுக்குப் பதினான்கு மணித்தியாலத்துக்குக் கிட்ட. போய் இறங்கினால் சூட்கேஸ் வரவில்லை. எல்லோரும் எடுத்துக்கொண்டு போன பின்பும் அந்தச் சுற்றும் பட்டியின் முன் நான் நின்றுகொண்டிருந்தேன். மருமகன் வெளியில் காத்திருப்பாரே என்று புறப்பட்டுவிட்டேன். அங்கு வேலை செய்த ஒரு தமிழ்ப் பிள்ளைதான் ஓடிவந்து, “அம்மா, முறைப்பாடு எழுதாமல் வெளியில போகாதேங்கோ” என்று மறித்து, படிவத்தை நிரப்பித் தந்தார். அவர் யாரோ எவரோ, இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் பிள்ளையைக் கையில் தந்தார்கள். அந்தச் சந்தோசத்தில் மருந்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பச்சை உடம்போடு இருக்கும் மகளையும், இரவு முழுக்கக் கண் விழித்துவிட்டு வேலைக்கு ஓடும் மருமகனையும் பார்த்தபோது, “வந்த அன்றைக்கே இவர்களுக்குப் பாரமாகக் கூடாது, பெட்டி நாளைக்கு வந்துவிடும்” என்று எனக்குள்ளேயே சமாதானம் சொன்னேன். அடுத்த நாள் வரவில்லை. தாகம் அடங்கவில்லை. அடிக்கடி சிறுநீர் போயிற்று. கண் மங்கலாகத் தெரிந்தது. “அம்மா, என்ன செய்யுது?” என்று மகள் கேட்டாள். “ஒண்டுமில்லை பிள்ளை, பிரயாணக் களைப்பு” என்றேன்.

மூன்றாம் நாள் காலை, பிள்ளையைக் குளிக்க வார்ப்பதற்காகக் கையில் ஏந்தியிருந்தேன். கால்கள் என்னுடையவை அல்லாதது போல இருந்தது. சுவரில் சாய்ந்தபடி, “பிள்ளையை வாங்கு” என்று மட்டும் சொன்னேன். மகள் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவந்து பிள்ளையை வாங்கினாள். நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். தாய்க்குத் துணையாக இருக்கப் போனவளை, பிள்ளை பெற்ற தாய் தூக்கிவிட்டாள். அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

மருமகன் மருந்துக்கடைக்கு ஓடினார். கனடாவில் வைத்தியரின் சீட்டு இல்லாமலே மருந்தாளரிடம் இன்சுலின் வாங்கலாம். ஆனால் எது என்று சொல்ல வேண்டுமே! மருந்தின் பெயர் எனக்குத் தெரியாது. “காலையிலும் பின்னேரமும் போடுறது, மூடி செம்மஞ்சள்” என்றுதான் சொல்லத் தெரிந்தது. யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்து, என் கணவர் கிளினிக் கொப்பியைத் தேடி எழுத்தெழுத்தாக வாசித்துச் சொல்ல, அங்கே விடியப்புறம் ஆகிவிட்டது. அடுத்த நாள் சூட்கேஸ் வந்தது. பனங்கட்டிகூட உடையாமல் இருந்தது. நடுவில் என் மருந்து. விமானத்தின் அடிப்பகுதிக் குளிரில் உறைந்திருந்தால் அது பயன் தராது என்று மருந்தாளர் அதை வீசச் சொன்னார். மற்றவர்களுக்குக் கொண்டுபோன ஒன்றையும் நான் மறக்கவில்லை. என்னை மட்டும் மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் கைப்பையில் முதலில் ஏறுவது என் மருந்து. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மருந்தும் கடதாசியும்

தினமும் பாவிக்கும் மருந்து எதுவானாலும் கைப்பையில் வையுங்கள். பயண நாட்களுக்கு வேண்டியதைவிட ஒரு கிழமைக்காவது கூடுதலாக இருக்கட்டும். மாத்திரைகளைக் கழற்றிச் சிறு டப்பாவில் போடாமல், பெயர் அச்சிட்ட உறையோடு கொண்டு செல்லுங்கள். வியாபாரப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே மருந்தின் பொதுப் பெயரையும் அளவையும் உங்கள் வைத்தியரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். ஊசி, இன்சுலின் கொண்டு செல்வோருக்கு அந்தக் கடிதம் பாதுகாப்புச் சோதனையிலும் உதவும்.

இலங்கைக்கும் ரொறன்ரோவுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். மேற்கே போகும்போது உங்கள் நாள் நீளும், கிழக்கே வரும்போது குறுகும். எந்த நேரத்தில் எவ்வளவு ஊசி போடுவது என்பதைப் புறப்பட முன்பே வைத்தியரிடம் கேட்டு எழுதிவையுங்கள். நடுவானில் நாமாகக் கணக்குப் போடக்கூடாது.

நோவுக்குப் பாவிக்கும் சில மாத்திரைகளில் கோடீன், ட்ரமடோல் என்ற மருந்துகள் இருக்கும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் இவை கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதியில்லாமல் கொண்டு செல்வது ஆபத்து. கசகசாவும் அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். சிங்கப்பூரிலும் அப்படித்தான். எங்கள் குசினியில் அது வெறும் கறிச் சரக்கு. அங்கே அது அபின் செடியின் விதை. தூள் இடிப்பிக்கும்போதே இதை நினைவில் வையுங்கள்.

திகதியைப் பாருங்கள்

ஒரு தடவை கட்டுநாயக்காவில், மகனின் கலியாணத்துக்காகச் சிங்கப்பூர் போக வந்த ஓர் அம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள். கூறைச்சேலை கையில். கடவுச்சீட்டு முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. “முடியேல்லைத்தானே தம்பி” என்று அவர் கெஞ்சியது என் காதில் நிற்கிறது. சிங்கப்பூர், இந்தியா முதலிய பல நாடுகளுக்குக் கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும். ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து திரும்பும் நாளிலிருந்து மூன்று மாதம் வேண்டும். முடிய ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பிக்க நினையுங்கள். 2022இலும் 2024இலும் கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லையில் இரவிரவாகச் சனம் வரிசையில் நின்றதை மறந்துவிடக்கூடாது.

பழைய கடவுச்சீட்டில் கனடா வீசா இன்னும் செல்லுபடியாக இருந்தால் பழையதை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரண்டையும் சேர்த்துக் கொண்டு சென்றால் அந்த வீசாவோடு பயணம் செய்யலாம்.

இடையில் மாறும் விமான நிலையத்தையும் கவனியுங்கள். ஷெங்கன் நாட்டு விமான நிலையம் ஒன்றில் விமானம் மாறுவதற்கு மட்டும்கூட இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு இடைத்தங்கல் வீசா வேண்டும். கனடா, அமெரிக்கா போன்ற சில நாடுகளின் செல்லுபடியான வீசா இருந்தால் விலக்கு உண்டு. மலிவான ரிக்கற் என்று பிள்ளைகள் எடுத்து அனுப்பும்போது எந்த வழி என்று கேளுங்கள். விதிகள் மாறுவதால் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். “போன முறை இப்படித்தான் போனேன்” என்ற பேச்சு கவுண்டரில் எடுபடாது.

பெயரும் முக்கியம். எங்கள் பெண்களுக்குத் தகப்பன் பெயர், கணவன் பெயர், வீட்டுப் பெயர் என்று பல உண்டு. பிள்ளைகள் செல்லப் பெயரையோ பழைய எழுத்தையோ போட்டு ரிக்கற் எடுத்துவிடுகிறார்கள். கடவுச்சீட்டில் உள்ள எழுத்தும் ரிக்கற்றில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். வந்தவுடன் சரிபாருங்கள்.

பெட்டியும் பண்டமும்

பெட்டியின் வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் பெயர், போகுமிடத்து விலாசம், தொலைபேசி இலக்கம் எழுதிய கடதாசி ஒன்றை வையுங்கள். பூட்ட முன் ஒரு படம் பிடியுங்கள். பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேற முன் முறைப்பாடு எழுதி, அதன் பிரதியை வாங்குங்கள். 1999ஆம் ஆண்டு மொன்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதமான பெட்டிக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதித்து வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும்.

2006ஆம் ஆண்டு லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிடிபட்ட பின்புதான் கைப்பையில் 100 மில்லிலீற்றர் என்ற கட்டுப்பாடு வந்தது. புதிய இயந்திரம் பூட்டிய சில விமான நிலையங்களில் இப்போது தளர்த்தியிருந்தாலும், இடையில் மாறும் இடத்தில் அது இருக்கலாம். நல்லெண்ணெய், அச்சாறு, தயிர் எல்லாம் அவர்கள் கணக்கில் திரவமே. மருந்துக்கு மட்டும் தேவையான அளவு விலக்குண்டு. தொலைபேசிக்கு மின்னேற்றும் பவர் பாங்க், இதற்கு மாறாக, கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் வைத்தால் தீ ஆபத்து.

உணவுப் பண்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு, மறைக்காமல் இருப்பது. அவுஸ்திரேலியாவில் இறங்கும்போது அறிவிப்புப் படிவத்தில் கொண்டுபோன சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் “ஆம்” என்று எழுதிவிடுவேன். அதிகாரி பார்ப்பார், சிலதைத் தருவார், சிலதைக் குப்பையில் போடுவார். சொன்னதற்குத் தண்டனையில்லை. மறைத்தால் தண்டப்பணம், சில வேளை வீசாவும் இரத்தாகும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இறைச்சியும் பாற்பண்டமும் கொண்டு செல்ல முடியாது. 2019 டிசெம்பர் 14 முதல் மாம்பழம், வெற்றிலை, கறிவேப்பிலை போன்ற பச்சைப் பொருட்களுக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சம்பழம், டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு.

மற்றவர்களின் பொதி

இது சொல்லக் கஷ்டமான விடயம். எங்கள் அயலில் எனக்கு மிகவும் வேண்டிய ஓர் அக்கா, வெளிநாட்டிலுள்ள மகனிடம் கொடுக்கச் சொல்லித் துணியால் தைத்த ஒரு பொதியைத் தந்தார். “உள்ளுக்கு என்ன அக்கா? பிரிச்சுப் பார்த்திட்டு நானே தைச்சுக் கொண்டு போறன்” என்றேன். “என்னையே சந்தேகப்படுறியோ?” என்று கேட்டுவிட்டுப் பொதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். உள்ளே நிச்சயமாக உடுப்பும் பலகாரமும்தான் இருந்திருக்கும். ஆனால் “இதை நீங்களே அடுக்கினீர்களா?” என்று விமான நிலையத்தில் என்னைத்தான் கேட்பார்கள். பெட்டியில் இருப்பதற்கு அதைக் கொண்டு செல்பவரே பதில் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் தூய ஹெரோயின் கடத்தினால் மரண தண்டனை. யார் தந்தது என்று தெரியாது என்ற கதை அங்கே இலகுவில் உதவாது.

அந்த அக்கா இன்றைக்கும் என்னோடு முன்போல் கதைப்பதில்லை. அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் பிரித்துப் பார்க்காத பொதியை இனியும் கொண்டு போகமாட்டேன்.

உடம்பும் பணமும்

நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணத்தில் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எல்லோருக்கும் வருவதில்லை, ஆனால் வயதானவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கதைக்க வேண்டும். குதிக்காலை உயர்த்திப் பதியுங்கள், இடையிடையே எழுந்து நடவுங்கள், தண்ணீர் குடியுங்கள். மலசலகூடத்துக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் வரும் அம்மாமாரை நிறையக் கண்டிருக்கிறேன். பக்கத்து ஆளை எழுப்புவதில் வெட்கமில்லை. ஓரத்து இருக்கையை முன்பே கேட்டு வாங்குங்கள்.

நடக்கக் கஷ்டமானவர்கள் சக்கர நாற்காலி உதவியை ரிக்கற் எடுக்கும்போதே கேட்க வேண்டும். பயணத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு முன்பாவது சொல்லிவைத்தால் நல்லது. உதவியாளர் அடுத்த விமான வாசல் வரை கொண்டுபோய் விடுவார்.

காப்புறுதியில்லாமல் போகவே வேண்டாம். 2014இல் நான் இல்லாமல்தான் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்திருந்தால் மகள் கடன்பட்டிருப்பாள். பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்குமாகக் கனடா வழங்கும் சூப்பர் வீசாவுக்கு, ஒரு வருடத்துக்கான, குறைந்தது ஒரு இலட்சம் கனடிய டொலர் பெறுமதியான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். எந்தக் காப்புறுதியானாலும் உங்களுக்கு ஏற்கெனவே உள்ள வருத்தங்களை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் தேவைப்படும் நாளில் பணம் தரமாட்டார்கள்.

பிள்ளையின் விலாசத்தையும் இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் கடதாசியில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். தொலைபேசியில் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பதினான்கு மணித்தியாலத்தின் பின் அதன் உயிர் போயிருக்கும். குடிவரவு அதிகாரி முதலில் கேட்பது அந்த விலாசத்தைத்தான்.

நிறைவாக

அன்புச் சகோதரிகளே, இந்த வயதில் நாங்கள் போவது பெரும்பாலும் மற்றவர்களுக்காகத்தான். பேறு பார்க்க, நோய் பார்க்க, பேரப்பிள்ளை வளர்க்க. அதனால்தான் பெட்டியில் எங்கள் மருந்துக்கு இடமில்லாமல் போகிறது. பாரமாக இருக்கக்கூடாது என்று நோயை மறைத்தேன். அந்த மறைப்பைவிடப் பெரிய பாரத்தை என் பிள்ளை அன்றைக்குச் சுமந்ததில்லை. “மருந்து பெட்டியோட போட்டுது பிள்ளை” என்று முதல் நாளே சொல்லியிருந்தால், மருமகன் வேலையால் வரும் வழியில் வாங்கி வந்திருப்பார்.

அடுத்த மாதம் சிட்னிக்குப் போகிறேன். சூட்கேஸ் இன்னும் திறக்கவில்லை. கைப்பை மட்டும் மேசையில் இருக்கிறது. அதற்குள் மருந்தும் வைத்தியரின் கடிதமும் ஏறிவிட்டன. “பலகாரம் எப்ப சுடப்போறாய்?” என்று என் கணவர் கேட்கிறார். இடமிருந்தால் சுடுவேன்.